மாடத்திக்கு முப்பத்தேழு பூஜ்யம்

அந்தச் சிறிய நாட்டில் பன்னிரண்டு வைத்தியசாலைகள் இருந்தன. எது நல்லது, எது மோசம் என்று அளந்து சொல்லும்படி அரசர் மாசிலாமணிக்குக் கட்டளையிட்டிருந்தார். வரிசையில் கடைசியாக வருவதை முடிவு வந்த அன்றைக்கே இழுத்துப் பூட்டிவிடுவார்களாம்.

மாசிலாமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்பது கேள்விகளை எழுதிக்கொண்டு இரண்டு மாதம் தெருத்தெருவாக அலைந்தார். தரை சுத்தமா, மருந்துக்குப் பெயர் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் செத்தார்கள், ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் ஓலையை எடுத்துக்கொண்டு குருவின் சம்மதம் கேட்க வந்தார். உச்சிப்பொழுதில் அரண்மனைச் சேவகன் வந்து அதை வாங்கிப் போவான்.

குரு உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். நாடி பார்ப்பதில் அந்த அம்மாளுக்கு நிகர் கிடையாது. இந்த வயதில் ஒரு பெண்ணிடம் பாடம் கேட்பதா என்று ஊரார் அடித்த கேலியை மாசிலாமணி காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

உலகம்மை முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் பார்த்தார்.

“மேட்டுத்தெருதான் முதலா?”

“நாற்பதுக்கு நாற்பது அம்மா. நான் உள்ள நுழைஞ்சதும் அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னாங்க. கேட்டதுக்கெல்லாம் கணீர்னு பதில்.”

“ஆத்தங்கரை?”

“அந்த மருத்துவச்சி மாடத்தி மூணே மூணு கேள்விக்குத்தான் பதில் சொன்னா. மிச்சம் முப்பத்தேழுக்கும் பூஜ்யம் போட்டுட்டேன்.”

“ஏன் சொல்லலையாம்?”

“ஒரு உழவனுக்கு வலிப்பு. அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கல. பதில் இல்லைன்னா பூஜ்யம்தானே அம்மா? எல்லாருக்கும் அதே விதிதான்.”

உலகம்மை ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. மாசிலாமணிக்கு அது எரிச்சலாக இருந்தது.

அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. மருமகன் நயினார் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மாமா! நீங்க கிளம்பினதுமே வடிவுக்கு வலி பிடிச்சிட்டு. பிள்ளை குறுக்க கிடக்குன்னு அத்தை சொல்லுதாங்க. வண்டியில போட்டுக் கொண்டாந்துட்டேன்.”

தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரே மகள். வைக்கோல் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்துவிட்டது. அப்பாவின் கையை எட்டிப் பிடித்தவள் விடவே இல்லை.

உலகம்மை நாடி பார்த்தார். “இது என் கைக்கு அடங்காது. பிரசவம் பார்த்துப் பழகின கை வேணும். சீக்கிரம்.”

“எங்க விடணும் ஐயா?” என்றான் வண்டிக்காரன்.

மேட்டுத்தெரு கூப்பிடு தூரம். ஆற்றங்கரைக்கு மாடு ஓடினாலும் ஒரு நாழிகை ஆகும்.

மேட்டுத்தெருவில் எழுந்து நின்ற அத்தனை பேரும் மாசிலாமணியின் கண்முன் வந்தார்கள். அந்த நேரத்தில் பாயில் கிடந்தவர்களை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? எத்தனை யோசித்தும் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

“ஆத்தங்கரைக்கு விடு,” என்றார்.

குருவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மாடத்தி வடிவின் வயிற்றில் கை வைத்தாள். மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வெளிய நில்லுங்க,” என்றாள், திரும்பிப் பாராமலே.

உள்ளே மகள் அலறினாள். பிறகு அலறல் நின்றது. அந்த அமைதிதான் அவருக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது.

விசாரித்துக்கொண்டு அரண்மனைச் சேவகன் அங்கேயே வந்துவிட்டான். “உச்சி ஆகிட்டு ஐயா. ஓலையைக் கொடுங்க.”

அந்தக் கதவைப் பூட்டச் சொல்லும் ஓலை மாசிலாமணியின் மடியில் இருந்தது. அவர் மடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் முடிக்கல.”

“முடிச்சாச்சுன்னு நேத்துச் சொன்னீங்களே? அரசர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“மாசிலாமணிக்கு அளக்கத் தெரியலைன்னு சொல்லு. போ.”

சேவகன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவன் தெருமுனையைத் தாண்டிய சிறிது நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது.

மாடத்தி வெளியே வந்தாள். “பொம்பளப் பிள்ளை. ரெண்டு உசுரும் தப்பிச்சிட்டு.” கையைக் கழுவியவள் அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தாள். “ஓலைக்கார ஐயாதானே? அன்னைக்கு உங்க கேள்வியெல்லாம் பாதியில நின்னுட்டு. இப்பக் கேளுங்க, கை சும்மாதான் இருக்கு.”

மாசிலாமணியை வெட்கம் பிடுங்கித் தின்றது. சின்னப் பிள்ளைபோல அழுதுவிட்டார்.

அழுது ஓய்ந்தபின் குருவிடம் வந்தார்.

“பன்னிரண்டு இடத்துக்கும் மறுபடி போறேன் அம்மா. இந்தத் தடவை ஒரே கேள்விதான். பெத்த மகள் இப்படிக் கிடந்தா எங்க கொண்டுபோவீங்கன்னு.”

“யாரைக் கேப்பீரு?”

“வைத்தியர்களைத்தான். வேற யாரை?”

மர நிழலில் வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உலகம்மை அவன் பக்கம் கை காட்டினார்.

“அவனைக் கேளும். நீரு வாய் திறக்குமுன்னயே அவன் மாட்டை ஆத்தங்கரைப் பக்கம் திருப்பிட்டான்.”