ஒய்யப்பன் கண்ணில் ஏழு பூச்சி

சொட்டாங்கல்பட்டி ஒய்யப்பனுக்கு வீட்டோடு மாப்பிள்ளைகள் மூன்று பேர், கண் ஒன்று. இன்னொன்றை இளவயதிலேயே ஒரு காளை கொம்பால் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்ததில் புரை விழுந்து, ஆபரேஷன் முடிந்து வீடு வந்து சேர்ந்தார். மகள்கள் விடிந்ததும் நடவு வேலைக்குப் போய்விட, மருமகன்கள் கண்ணைக் காத்தார்கள்.

“குனியக் கூடாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூத்தவன் வீரணன் மாமனார் முதுகில் பலகை வைத்துக் கட்டினான்.

“எடை தூக்கக் கூடாது” என்றும் சொல்லியிருந்தார். மாமனாரே அறுபத்தெட்டுக் கிலோ என்பது நடுவுள்ளவன் மொக்கராசுக்கு உறைத்தது. அன்றுமுதல் அவர் கொல்லைக்குக்கூடக் கட்டிலோடுதான் போனார்.

கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுச் சொட்டு மருந்து விடவேண்டுமாம். இளையவன் பொதும்பன் வேளை தவறாமல் மாமனாரின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

ஆறாம் நாள் காலை வீரணன் முகம் வாடியிருந்தது. மறுநாள் டாக்டரிடம் காட்டப் போகவேண்டும்.

“சகல, வலிச்சா வாங்க, செவந்தா வாங்க, மின்னல் அடிச்சா வாங்க, கண்ணு முன்னால பூச்சி பறந்தா வாங்கன்னு அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல. பெரிய மனுசரப் பாக்க வெறுங்கையோடயா போறது?”

“மரியாதையா இருக்காது” என்றான் மொக்கராசு. “செவக்கிறது லேசு. மொளகாத்தூள் எந்த டப்பாவுல இருக்கு?”

“கிட்ட வந்தீங்க, மிதிச்சிருவேன் மாப்ள!” என்றார் ஒய்யப்பன், மாப்பிள்ளை மரியாதை குறையாமல்.

பொதும்பன் தாடையைத் தடவினான். “மாமாவுக்குப் பிரியமில்ல. வலியும் வேணாம், திட்டுவாரு. மின்னல் ஐப்பசியிலதான் கிடைக்கும். பூச்சிதான் தோது.”

வாய்க்கால் கரையெல்லாம் துண்டை வீசிப் பிடித்தார்கள். தட்டான் இரண்டு, பட்டாம்பூச்சி ஒன்று, வெட்டுக்கிளி ஒன்று, பொன்வண்டு ஒன்று. கதவைச் சாத்தி, கட்டிலுக்கு நேராகப் பறக்கவிட்டார்கள்.

“மாமா, எத்தனை தெரியுது?”

“ஏழு.”

மூவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

“விட்டது அஞ்சு. எவன்யா கள்ளத்தனமா ரெண்டு விட்டது?”

“எங்காத்தா சத்தியமா நான் இல்ல!”

“நான் வெட்டுக்கிளி மட்டுந்தான் சகல!”

வீரணன் நெருங்கி உட்கார்ந்தான். “கூடுதலா உள்ள ரெண்டும் எப்படி மாமா இருக்கு?”

“கறுப்பா, நூலு கணக்கா. கண்ண உருட்டுற பக்கமெல்லாம் கூடவே வருது.” ஒய்யப்பனின் குரல் இறங்கியது. “ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு மின்னல் வேற. எனக்குப் பயமா இருக்கு மாப்ள. இருக்கிறதே ஒண்ணு.”

“மின்னலுமா!” பொதும்பன் துள்ளிக் குதித்தான். “ரெண்டு ஐட்டம் தேறிருச்சு சகல!”

“நாளைக்குத்தானே வரச் சொன்னாரு?”

“ராத்திரியில பறந்துபோச்சுன்னா? சூட்டோட சூடாக் கொண்டு போயிரணும்.”

இரண்டு மைல் கட்டிலோடு ஓடினார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஒய்யப்பன் படுத்தபடியே பதில் கும்பிடு போட்டார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துப் பதறிவிட்டார். “விழித்திரை ஓரமா கிழிஞ்சிருக்கு. இப்பவே லேசர் வச்சுச் சரி பண்ணணும். தள்ளிப்போட்டிருந்தா பார்வையே போயிருக்கும். இவ்வளவு சீக்கிரம் எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?”

“எண்ணிக்கை ஒதைச்சுது சார்” என்றான் வீரணன் அடக்கமாக.

கண் பிழைத்தது. இரண்டு வாரம் கழித்து டாக்டர் மறுபடி சோதித்தார்.

“பார்வை தெளிவா இருக்கு. மின்னல், பூச்சி ஏதாச்சும்?”

“அதெல்லாம் அடங்கிருச்சுங்க டாக்டர். இந்த மூணுதான், எங்கிட்டுத் திரும்பினாலும் கண்ணு முன்னாலயே நிக்குது.”

“அசையாதீங்க மாமா!” மூன்று துண்டுகள் ஒரே நேரத்தில் உதறப்பட்டன. மொக்கராசு நாற்காலிமேல் ஏறினான். பொதும்பன் திரைச்சீலைக்குப் பின்னால் பாய்ந்தான். மேசைக்கடியில் புகுந்த வீரணன் அங்கிருந்தே கத்தினான்:

“டாக்டர், கதவ சாத்துங்க! மூணும் வெளிய போயிரும்!”

டாக்டர் எழுந்துபோய் இன்னொரு கதவையும் திறந்துவைத்தார்.