ஓணானுக்கு நினைவு வாங்கிக் கொடுத்த கதை

தாமரைக் குளத்துக் கரையில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு பெருச்சாளியும் ஓர் ஓணானும் சேர்ந்து வளை தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாதாரண வளை இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கரையிலுள்ள எலிக் குடும்பங்கள் அத்தனையும் குடியேற வேண்டிய பெரிய வளை. ஒன்பது அறை, இரண்டு வாசல். கீழ்வாசல் தண்ணீர்ப் பக்கம். மேல்வாசல் கரை மேட்டில், தாழம்புதர் ஓரம். குளம் நிறைந்தால் கீழ்வாசல் முழுகிவிடும். அப்போது மேல்வாசல் வழியாகத்தான் உயிர் பிழைக்க வேண்டும்.

முள்ளம்பன்றியின் பெயர் சிலுப்பன். அவர்தான் தலைவர். தோண்டமாட்டார். நின்று பார்ப்பார், முள்ளைச் சிலுப்புவார், "நடக்கட்டும், நடக்கட்டும்!" என்பார். தலைவர்களுக்கு இதற்குமேல் என்ன வேலை!

தோண்டுவது பெருச்சாளி பொம்மக்கா. வயிற்றில் குட்டிகள்வேறு. மழைக்குள் வளை முடிந்தால்தான் அவளுக்குப் பிரசவத்துக்கு ஓர் இடம்.

ஓணானுக்கு எல்லாரும் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. எது சொன்னாலும் தலையாட்டுவான். அதற்காக ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த மண் இறுகும், எந்த மண் சரியும், எந்தச் சாய்வில் தோண்டினால் தண்ணீர் தேங்காது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாலாலேயே மண் பூசுவான். பூசிய சுவரைக் கீறினால் நகம்தான் உடையும்.

ஒரே ஒரு குறை. சூரியன் மறைந்தால் அன்றைக்கு நடந்தது முழுக்க அவனுக்கு மறந்துபோகும். மண்ணைப் பற்றித் தெரிந்தது மறக்காது. பொம்மக்கா யார், வளை எங்கே, நேற்று என்ன செய்தோம் என்பது மட்டும் துடைத்த மாதிரி போய்விடும்.

"வணக்கம்! நான் தங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்பான் காலையில்.

"நேத்து பொழுது சாயற வரைக்கும் கூடவே இருந்தியேடா!"

"அப்படியா! மிக்க மகிழ்ச்சி! தாங்கள் யார்?"

பொம்மக்கா பெருமூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "நான் பொம்மக்கா. இது வளை. மூணாவது அறைக்கு இடப்பக்கம் பாறை இருக்கு, அங்க தோண்டக் கூடாது. நாலாவது அறையில ஈரம் கசியுது, அதனால அங்க..." சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். "இரு இரு, ஈரம் காஞ்சுபோச்சே! சரி, அதை விடு. நேரா ஆறாவது அறைக்கு வா."

"அருமையான விளக்கம்! முழுவதும் புரிந்துவிட்டது!" என்று ஆமாஞ்சாமி தலையாட்டுவான். அதன்பின் வேலை பறக்கும். ஆனாலும் தினம் ஒரே பாட்டைப் பாடிப் பாடி பொம்மக்காவுக்கு வாய் வலித்தது.

ஒருநாள் அந்தப் பக்கம் செங்கொண்டை என்ற மரங்கொத்தி வந்தாள். பட்டுப்போன பனைமரம் ஒன்றில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் அண்ணே, இந்தக் காலத்துல போய் தினமும் பாடம் நடத்துறீங்க? உங்க ஓணானுக்கு ஒரு நினைவு வாங்கிக் குடுக்கக் கூடாதா? எதிர்க்கரையில எல்லாரும் குடுத்துட்டாங்க!"

எதிர்க்கரையில் எல்லாரும் செய்துவிட்டார்கள் என்றதும் சிலுப்பனுக்கு முள் நட்டுக்கொண்டது. "அது என்னம்மா நினைவு?"

"நீங்க சொல்றதை எல்லாம் நான் இந்த மரத்துல குறியாக் கொத்திவைப்பேன். ஓணான் தம்பி காலையில எழுந்ததும் உச்சியிலிருந்து அடிவரைக்கும் படிச்சுட்டு வேலைக்கு வரும். அவ்வளவுதான்! மரத்துல கிடைக்கிற புழு எனக்கு. வேற எதுவும் வேண்டாம்."

"தப்பா ஏதாவது கொத்திட்டா எப்படி அழிக்கிறது?" என்று கேட்டாள் பொம்மக்கா.

செங்கொண்டை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அழிக்கிறதா? நல்லா இருக்கே! நினைவு வேணுங்கறீங்களா, மறதி வேணுங்கறீங்களா?"

சிலுப்பன் ஹஹ்ஹா என்று சிரித்தார். தலைவர் சிரித்ததால் எலிகளும் சிரித்தன. பொம்மக்கா மண்ணைத் தள்ளப் போய்விட்டாள்.

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. செங்கொண்டைக்கு இரண்டு விதிகள். தலைவர் வாயிலிருந்து வருவதை மட்டும்தான் கொத்துவாள்; பொம்மக்கா சொல்வதைக்கூடத் தலைவர் திருப்பிச் சொன்னால்தான். மரத்தில் இடம் வீணாகாமல் சுருக்கமாகக் கொத்துவாள். கொத்தக் கொத்தப் புழு கிடைத்ததால், தலைவர் தும்மினால்கூட ஒரு கொத்துக் கொத்தினாள்.

முதல் நான்கு நாள் சொர்க்கம்தான்! "வணக்கம் பொம்மக்கா! மூன்றாவது அறைக்கு இடப்பக்கம் பாறை. இன்று ஏழாவது அறை. வாருங்கள், தோண்டலாம்!" என்று ஆமாஞ்சாமி தானாக வந்து நின்றான். பொம்மக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கு ஓய்வு என்றால் என்ன என்று அவள் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள், சிலுப்பன் பசியில், "இப்போ ஒரு கிழங்கு கிடைச்சா எப்படி இருக்கும்!" என்றார். செங்கொண்டை கொத்தினாள்: தலைவருக்குக் கிழங்கு வேண்டும். அன்றிலிருந்து ஆமாஞ்சாமி தினமும் ஒரு கிழங்கோடு வந்தான். "தங்களுக்குக் கிழங்கு பிடிக்கும் என்பது என் நினைவில் இருக்கிறது!" என்று பெருமையாக நீட்டுவான். பதினோரு நாள் கிழங்கு தின்று சிலுப்பனுக்கு வயிறு உப்பிவிட்டது. ஆனாலும் வாயெல்லாம் பல்லாக, "பாரு, என்ன அக்கறை! என்ன ஞாபகம்!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தாழம்புதரில் ஒரு நல்லபாம்பு வந்து படுத்தது. சட்டை உரிக்க இடம் தேடி வந்த பாம்பு. மேல்வாசலுக்கும் அதற்கும் நாலு முழம்தான் இருக்கும்.

"இப்போதைக்கு மேல்வாசலை அடைச்சு வையுங்க! பாம்பு போனதும் தொறந்துக்கலாம்!" என்று சிலுப்பன் கத்தினார். அவர் சொன்ன உருப்படியான யோசனைகளில் அதுவும் ஒன்று. பொய் சொல்லக் கூடாது.

செங்கொண்டை சுருக்கினாள். 'இப்போதைக்கு' எதற்கு, இடம் வீண். பாம்பு எதற்கு, அதுதான் போய்விடுமே. மிச்சத்தைக் கொத்தினாள்: மேல்வாசல் அடைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் பாம்பு சட்டையை உரித்துப் போட்டுவிட்டுத் தன் வழியே போயிற்று. பொம்மக்கா ஆமாஞ்சாமியைக் கூப்பிட்டாள். "தம்பி, பாம்பு போயிடுச்சு. வாசலைத் தொறந்துடு."

"நல்ல யோசனை!" என்று அவன் தலையாட்டினான். திறந்தான். பொழுது சாய்ந்தது. மறுநாள் காலையில் மரத்தைப் படித்தான். "அடடா! மேல்வாசல் திறந்து கிடக்கிறதே! நல்லவேளை, பார்த்துவிட்டேன்!" என்று ஓடிப்போய் முன்னைவிடக் கெட்டியாக அடைத்தான்.

அவள் மறுபடி திறக்கச் சொன்னாள். அவன் மறுபடி தலையாட்டினான், திறந்தான், மறுநாள் அடைத்தான். மூன்றாம் முறை பொம்மக்கா தலைவரிடமே போனாள்.

"அண்ணே, அந்த மேல்வாசல் விஷயத்தை மரத்துல மாத்திக் கொத்தச் சொல்லுங்க."

சிலுப்பன் கிழங்கை மென்றுகொண்டே கேட்டார். "எந்த விஷயம்? அதெல்லாம் நினைவுல போயாச்சும்மா. இனிமே நாம எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? அதுக்குத்தானே நினைவு!"

அன்று சாயங்காலமே பொம்மக்காவுக்கு வலி கண்டது. ஒன்பதாவது அறையில் ஏழு குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, உடம்பெல்லாம் சிவந்த குட்டிகள். அதற்கப்புறம் மேல்வாசலைப் பற்றி நினைக்க அவளுக்கு ஏது நேரம்? அவளும் விட்டுவிட்டாள். தப்புத்தான். ஆனால் ஏழு குட்டிக்குப் பால் கொடுத்துப் பார்த்தவர்கள் அவளைத் திட்டமாட்டார்கள்.

ஆமாஞ்சாமி மட்டும் விடவில்லை. மரம் முழுவதும் குறிகள் நிறைந்து, அவன் படித்து முடிக்கவே உச்சி வெயில் வந்துவிடும். மிச்சப் பொழுதில் மேல்வாசலுக்கு இன்னொரு பூச்சுப் பூசுவான். "மேல்வாசல் பத்திரமாக இருக்கிறது!" என்று சிலுப்பனிடம் சொல்வான். "மேல்வாசல் பத்திரம்! பேஷ்!" என்பார் அவர். தலைவர் வாயிலிருந்து வந்துவிட்டதே! செங்கொண்டை அதையும் கொத்துவாள். இப்படி அந்த வாசலைப் பற்றி மட்டும் மரத்தில் பன்னிரண்டு குறிகள்.

ஐப்பசி பிறந்தது. எலிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு குடியேறின. மூன்றாம் நாள் காலையில் பிடித்த மழை மத்தியானம்வரை விடவில்லை. குளம் ததும்பியது. கீழ்வாசல் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"மேலே ஓடுங்க!" என்று பொம்மக்கா அலறினாள். இரண்டு குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். எலிகள் முட்டி மோதிக்கொண்டு முன்னால் ஓடின. எல்லாரும் மேல்வாசலில் போய் முட்டி நின்றார்கள். இருபது பூச்சுப் பூசிய சுவர்! அதன் முன்னால் ஆமாஞ்சாமி கடமையே கண்ணாக நின்றுகொண்டிருந்தான்.

"தொறடா!" என்றாள் பொம்மக்கா, குட்டிகளைக் கீழே வைத்துவிட்டு.

"நிச்சயமாக உதவுகிறேன்! ஆனால் மேல்வாசல் அடைத்திருக்க வேண்டும் என்று பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. இது மிக முக்கியமான விஷயம் போலத் தெரிகிறது."

"யாருடா சொன்னது?"

"நம் தலைவர்தான்!"

பொம்மக்கா திரும்பினாள். சிலுப்பன் பின்னால், சரிவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். "அண்ணே! வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க! தொறக்கச் சொல்லுங்க!"

சிலுப்பன் யோசித்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் யோசித்தார்.

"நானா சொன்னேன்? பன்னிரண்டு தடவையா? அப்படின்னா ஏதோ பெரிய காரணம் இருந்திருக்கணும்மா! நான் காரணமில்லாம சொல்ற ஆளா? அவசரப்பட்டுத் தொறந்துட்டு அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன காரணம் அண்ணே?"

"அதுதான் எனக்கு ஞாபகம் இல்லையே! நினைவு இருக்கேன்னு நான் எதையும் வெச்சுக்கறதில்லை!"

பொம்மக்காவுக்கு வந்த கோபத்தில் அவரையே தூக்கி வாசல் சுவரில் குத்தியிருப்பாள். அதற்கு நேரமில்லை. ஒன்பதாவது அறையில் இன்னும் ஐந்து குட்டிகள் இருந்தன. ஆமாஞ்சாமியைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, சுவரில் பல்லை வைத்தாள். நகம் உடைந்தது. வாயில் ரத்தம் வந்தது. இரண்டு எலிகள் பக்கத்தில் வந்து பிறாண்டின. அப்புறம் எல்லா எலிகளும் பிறாண்டின. கடைசிப் பூச்சு உடைந்து வெளிச்சம் வந்தபோது அவள் வெளியே ஓடவில்லை. திரும்பி உள்ளே பாய்ந்தாள்.

ஒன்பதாவது அறையில் தண்ணீர் கூரையைத் தொட நாலு விரல்தான் பாக்கி. ஒரு குட்டியாகக் கவ்விக்கொண்டு ஐந்து முறை போனாள், ஐந்து முறை வந்தாள். கடைசிக் குட்டி மூச்சில்லாமல் இருந்தது. கரை மேட்டில் மழையில் போட்டு நக்கினாள், உருட்டினாள், மறுபடி நக்கினாள். அது கீச்சென்று கத்தியபோது அவள் ஓவென்று அழுதுவிட்டாள். கீழே மூன்று மாதம் தோண்டிய வளை பொதபொதவென்று உள்வாங்கியது.

மறுநாள் மழை விட்டது. வளையில் மிஞ்சியது மேல்வாசலும் அதையொட்டி இரண்டு அறையும்தான். எல்லாரும் அதன் வாயில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலுப்பன் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு. இது மாதிரி இனிமே நடக்கக் கூடாதுன்னு மரத்துல கொத்தி வெச்சுடலாம்!"

"எந்தப் பக்கம் கொத்தட்டும் அண்ணே?" என்று செங்கொண்டை அலகைத் தீட்டினாள்.

அப்போது ஆமாஞ்சாமி வந்தான். ஒரு கையில் கிழங்கு. இன்னொரு கையில் ஈர மண். முகத்தில் அதே சந்தோஷம். மரத்தை உச்சியிலிருந்து அடிவரை படித்துவிட்டு வந்திருந்தான்.

"வணக்கம்! அடடா, மேல்வாசல் உடைந்து கிடக்கிறதே! கவலை வேண்டாம், உள்ளே எல்லாரும் போய்விடுங்கள், ஒரு நொடியில் அடைத்துவிடுகிறேன்!"

எலிகள் உறைந்துபோயின. அவன்மேல் பொம்மக்காவுக்குக் கோபமே வரவில்லை. பாவம், அவன் படித்ததைத்தானே செய்கிறான்! அவள் எழுந்தாள். நேராகப் பனைமரத்துக்குப் போனாள். மேல்வாசல் என்று இருந்த முதல் குறியில் பல்லை வைத்துக் கரக்கரக்கென்று செதுக்கி எறிந்தாள்.

"ஐயோ! நினைவைக் கடிக்கிறாளே! தலைவர் சொன்னதைக் கடிக்கிறாளே!" என்று செங்கொண்டை கூச்சலிட்டாள்.

"கத்தாதே! செத்துப்போன பேச்சைத்தான் கடிக்கிறேன். அண்ணே, அங்கேயே நிக்காதீங்க. உங்க வாயில வந்ததுதானே இத்தனையும்? இங்க வந்து ஒவ்வொண்ணா படிங்க. எது எதுக்காகச் சொன்னது, இன்னைக்கும் அது வேணுமான்னு சொல்லுங்க. காரணம் தெரியாதது எல்லாம் என் பல்லுக்கு!"

சிலுப்பன் முள்ளெல்லாம் படிய மெல்ல நடந்துவந்தார். அண்ணாந்து பார்த்தார். மரம் நெடுக அவருடைய பேச்சு. முதல் குறியைப் படித்தார், தலையைச் சொறிந்தார். இரண்டாவதைப் படித்தார், அதற்கும் சொறிந்தார். பொழுது சாய்வதற்குள் மரத்தில் மிஞ்சியது ஒன்பது குறிதான். கடைசியாகப் போனது கிழங்கு. அதைக் கடிக்கச் சொன்னபோதுதான் அவர் குரலில் முதன்முறையாக ஒரு தலைவரின் மிடுக்கு தெரிந்தது.

ஆகவே, நினைவு வாங்கிக் கொடுத்தவர் அதில் பழசானதைத் தேடி அழிக்கும் வேலையையும் தாமே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் என்றோ சொல்லி மறந்த தம் வார்த்தையாலேயே அவர் அடைபட்டுப் போவார்.