அனுமதி கேட்ட ஆள்காட்டி

மூடுபனி மூடிய தாமரைக் குளம். அதன் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. வேடன் தலை தெரிந்தால் போதும், "ஆள் வருது! ஆள் வருது!" என்று கூவிவிடும். காடே சேர்ந்து அதற்குக் கொடுத்த வேலை அது. எருமைகள் மண்ணைக் கிளறி அதற்குப் புழு பூச்சி கொடுத்தன. அதன் குரல் கேட்டால் எல்லாரும் ஓடுவார்கள். கேட்காவிட்டால் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

புலியரசனுக்கு இது பிடிக்கவில்லை.

"நீ கத்துறதைக் கேட்டு, என் ஆட்சியில ஏதோ குறைன்னு பக்கத்துக் காடே சிரிக்குது! இனிமே என்னைக் கேட்டுட்டுக் கூவு. உன் முட்டைங்களுக்குக் கீரியைக் காவல் போடுறேன்!"

வெறுந்தரையில் கிடக்கும் முட்டைகள். போன வருஷம் பாம்பு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பாவம், தாய் மனசு! ஆள்காட்டி தலையாட்டிவிட்டது.

அதன்பின் காடு கனவில் மிதப்பதுபோல் அமைதியாக இருந்தது. பனி வந்தது, போனது. தாமரைகள் விரிந்தன, குவிந்தன.

ஒரு விடியற்காலை. பனிக்குள் வலையோடு மனிதர்கள் பதுங்கி வந்தார்கள். ஆள்காட்டி அலகைத் திறந்தது. முட்டைகள் நினைவுக்கு வந்தன. அலகை மூடிக்கொண்டு புலியின் குகைக்குப் பறந்தது.

வாசலில் கரடி கொட்டாவி விட்டது. "ராஜா தூங்குறார். எழுந்ததும் கேட்டுச் சொல்றேன், உட்காரு!"

"அதுக்குள்ள வலை விழுந்துடுமே, கரடியண்ணே!"

"விழுந்த பிறகு கேட்டுக்கலாம்!"

ஆள்காட்டி குளத்தைப் பார்த்தது. மான்கள் பாதித் தூக்கத்தில் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளிப் புலிக்குட்டி ஒன்று தாமரை மொட்டைத் தட்டி விளையாடியது. ஒருவர் முகத்திலும் பயமில்லை. குரல் கேட்கவில்லையே, பிறகென்ன பயம்!

ஆள்காட்டி சிறகை விரித்தது. 'ஐயோ, நான் சும்மா இருக்கறதே பொய் சொல்ற மாதிரி ஆயிடுச்சே!'

அடுத்த நொடி அது பனியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. "ஆள் வருது! ஆள் வருது!"

மான்கள் சிதறின. குட்டி பாய்ந்தது. வலை வெறும் தண்ணீரில் விழுந்தது.

சத்தத்தில் விழித்த புலி உறுமியது. "யாரைக் கேட்டுக் கூவினே?"

"யாரையும் கேக்கலை, அரசே! காத்துட்டு இருந்திருந்தா உங்க குட்டி இப்ப வலையில இருக்கும்!"

நனைந்து நடுங்கிக்கொண்டு குட்டி வந்து அப்பாவின் காலடியில் ஒண்டியது. புலி அதை நக்கிக் கொடுத்தது.

"நாளைக்கு நீ பொய்யாக் கூவினா என்ன செய்யறது?" என்றது.

"காடு கூடிக் கேக்கட்டும், பதில் சொல்றேன். கூவறதுக்கு முன்னாடி மட்டும் யாரும் என் வாயைப் பொத்த வேணாம். கீரியையும் கூப்பிட்டுக்கோங்க. என் முட்டைக்கு நானே கத்திக்கிறேன்!"

புலி சரியென்று தலையசைத்தது.

ஊருக்காகக் கூவும் குரலைத் தன் அனுமதிக்குக் காத்திருக்க வைக்கும் அரசன், தன் வீட்டுக் காவலையும் சேர்த்தே இழக்கிறான்.