குறை பார்க்கப் போன பூலோகபாண்டி

விருதுநகர் பூலோகபாண்டிக்குத் தெரியாத டிசைன் வேலை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, ஊறுகாய் லேபிள், வெப்சைட், எல்லாம் செய்வான். வேலைதான் எவனும் தரவில்லை. திங்கட்கிழமைக்குள் வேலை கிடைக்காவிட்டால் தன் அண்ணன் மண்டிக்குப் புளியங்கொட்டை எடுக்கப் போகவேண்டியதுதான் என்று பெண்டாட்டி திலகராணி சொல்லிவிட்டாள். மச்சினன் முன்னால் உட்கார்ந்து கொட்டை எடுப்பதா? மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் சென்டர் ஜெயசிங் அண்ணாச்சிதான் யோசனை சொன்னார்.

“எல்லாம் தெரியும்னு சொல்றவனை எவனும் எடுக்கமாட்டான்யா. கம்பெனில என்ன குறைன்னு முதல்ல பாரு. அதை நான் தீர்த்து வைக்கிறேன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் தெரியும்னு வாயைத் திறந்துராதே.”

ஏழு கிளி மசாலாக் கம்பெனியில் டிசைனர் வேலைக்குத் திங்கள் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமையே சிநேகிதர்கள் மாடக்கண்ணுவையும் ரத்தினவேலுவையும் கூட்டிக்கொண்டு குறை பார்க்கப் போனான். பூட்டிக் கிடந்த கம்பெனியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுவர் பளிச்சென்று இருந்தது. பெயர்ப் பலகையில் கிளிகளை எண்ணினால் சரியாக ஏழு.

“ஒரு குறையும் இல்லையேடா. நான் எதைத் தீர்க்க?” என்றான் பூலோகபாண்டி.

“இல்லேன்னா நாமதான் உண்டாக்கணும்,” என்றான் மாடக்கண்ணு.

“பலகை இல்லாத கம்பெனின்னா பெரிய குறைதானே?” என்று ரத்தினவேலு கேட்டான்.

நியாயம்தானே! ஏணி வைத்துப் பலகையைக் கழற்றி, நாலு கடை தள்ளி ஒரு டீக்கடைச் சுவரில் சாத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை இஸ்திரிச் சட்டையோடு வந்த பூலோகபாண்டி தெருவில் மேலும் கீழும் நடந்தான். பலகை இல்லாத கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது? மணி பத்தாகப் போகிறது. டீக்கடைச் சுவரில் ஏழு கிளியைப் பார்த்த பிறகுதான், கம்பெனி இதுதான் என்று உயிர் வந்தது. ஆனால் பலகைதான் இருக்கிறதே, இனி எதைக் குறை என்று சொல்வது? டீ மாஸ்டரிடமே கேட்டுவிட்டான்.

“ஐயா, உங்க கம்பெனில என்ன குறை?”

மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். “கிளாஸ் கழுவ ஆள் இல்ல.”

“அதை நான் தீர்த்து வைக்கிறேன்.”

“வேற என்ன தெரியும்?”

“வேற எதுவும் தெரியாதுங்க.”

அப்போதே சேர்த்துக்கொண்டார். புளியங்கொட்டைக் கண்டம் தப்பியது.

சாயங்காலம் மசாலாக் கம்பெனி முதலாளி டீ குடிக்க வந்தார். மாஸ்டர் அதற்குள் பலகையைக் கவிழ்த்துப் பெஞ்சாகப் போட்டிருந்தார். முதலாளி அதில்தான் உட்கார்ந்தார்.

“எங்க பலகையை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்யா. இன்டர்வியூவுக்கு வர்றேன்னவனும் வரல. பலகை டிசைன் பண்ணத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்கானா?”

பூலோகபாண்டிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்தது.

“தெரியாதுங்க முதலாளி. கொஞ்சம் எந்திரிங்க, பெஞ்சைத் துடைக்கணும்.”