டீ கொடுத்த மூன்று நாட்கள்

திண்டிவனத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. ஒரு பத்தியைக் கொடுத்தால் அதன் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பார் மையத்தின் இயக்குநர் ஞானசேகரன். அங்கே பெருக்கித் துடைத்து, டீ போடுகிறவள் அஞ்சலாட்சி.

ஒருநாள் வகுப்பு நடுவே இயக்குநர் அவளைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, பலகையில் எழுதினார்: "டீ கொடுத்த மூன்று நாட்களிலும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. கொடுக்காத நாட்களில் சரியவில்லை. ஆகவே டீயே காரணம்."

"நாளையில இருந்து நீ வர வேண்டாம். இந்த வாதத்துல ஓட்டை இருந்தா சொல்லு, வேலை உனக்கே" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள்.

அஞ்சலாட்சி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள்.

"ஓட்டையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார். நீங்க கிளாஸ் எடுக்கிற அன்னைக்கு மட்டும்தானே டீ போடச் சொல்வீங்க? சுகுணா டீச்சர் எடுத்தா டீ கிடையாதே."

சிரிப்பு நின்றது.

"அதனால?"

"ஒரு வாரம் டீயை மட்டும் கொடுத்துப் பார்க்கலாங்க சார். நீங்க ஓய்வெடுங்க."

அத்தனை பேர் முன்னால் இயக்குநரால் மறுக்க முடியவில்லை. அந்த வாரம் சுகுணா டீச்சர் பாடம் எடுத்தார், தினமும் டீ வந்தது. மதிப்பெண் ஏறியது.

இயக்குநர் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். பிறகு பலகையை அழித்துவிட்டு, "டீ குடித்தால் மதிப்பெண் ஏறும்" என்று எழுதினார்.

"அஞ்சலாட்சி, இனிமே தினமும் டீ போடு. நாளையில இருந்து நானும் கிளாஸுக்கு வர்றேன்."

"டீ மட்டும் போதுங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி.