கொடுத்த வண்டி

திருமூர்த்தி பெட்ரோல் கேனைத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் மூடியோரம் கசிந்து சிமென்ட்டில் ஈரம் படர்ந்தது.

“இன்னைக்கு அதைக் கொளுத்திப்போடறேனுங்கம்மா. தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போறேன்.”

மரகதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மடத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அம்மா. அவளுக்கு அவன் அண்ணா.

“எதைண்ணா?”

“என் வண்டியை.”

“அதுதான் இப்ப உங்ககிட்ட இல்லையே.”

“அதனாலதான் கொளுத்தறேன்.”

அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

“பழைய எஸ்டீம் காருங்க. ஒவ்வொண்ணா நானே மாத்தினது. தரையைத் தடவிட்டுப் போற மாதிரி இறக்கி வெச்சிருந்தேன். சைலன்சரை என் பட்டறையிலயே வளைச்சேன். எடை குறையணும்னு பின்சீட்டைக் கழட்டி வீசினேன். நான் தடாகம் ரோட்டுல திரும்பினா சாயிபாபா காலனியில இருக்கறவன் சொல்லுவான், திருமூர்த்தி வர்றான்னு.”

“இப்ப?”

“முட்டை ஏத்தறானுங்க.”

அவள் கை நின்றது.

“சிரிக்காதீங்க. ஆளுயரத்துக்குத் தூக்கி விட்டிருக்கான். ஸ்பிரிங் எல்லாம் மாத்திட்டான். என் சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். பின் கண்ணாடியில ‘நாட்டுக்கோழி முட்டை கிடைக்கும்’னு எழுதி வெச்சிருக்கான்.”

“வித்தது நீங்கதானே.”

“விக்கலைங்க. குடுத்தேன்.”

“காசு வாங்கலையா?”

“வாங்கினேன். அதுக்காக? வண்டியை யாராவது வித்தேன்னு சொல்லுவாங்களா? குடுத்துட்டேன்னுதான் சொல்லுவோம். பொண்ணைக் குடுத்தேன்னு சொல்ற மாதிரி.”

“குடுத்த வீட்டுக்குப் போயிருக்கீங்களா?”

“தினமும் பின்னாடியே போறேன். நேத்து நடுரோட்டுல மறிச்சுச் சட்டையைப் பிடிச்சுட்டேன்.”

“நான் வீட்டைக் கேட்டேன்.”

“இல்லை.”

அவள் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

“வாங்க, போலாம். குடுத்த வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது.”

கேனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

*

சின்னத்தடாகத்தில் செங்கல் சூளைகளைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது வண்டியை வாங்கிய குணசீலன் வீடு. வாசலில் வண்டி நின்றது. திருமூர்த்தி அதைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குணசீலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

“இன்னைக்கு ஆள் கூட்டிட்டே வந்துட்டீங்களா? இது புதுச் சட்டைங்க. பிடிக்கறதா இருந்தா மெதுவாப் பிடிங்க.”

“வண்டியில ஒரு சுத்து வரணும்” என்றாள் மரகதம்.

“மடத்தம்மாதானே நீங்க? ஏறுங்க. அவரு கையில என்னங்க கேன்?”

“பெட்ரோல்.”

“டேங்க் நெறைய இருக்குதுங்களே.”

“வண்டியைக் கொளுத்தக் கொண்டுவந்தார்.”

குணசீலன் அவளைப் பார்த்தான். திருமூர்த்தியைப் பார்த்தான்.

“கொளுத்தறதா இருந்தா முட்டையை இறக்கிட்டுக் கொளுத்தச் சொல்லுங்க. பாதி லோடு உள்ளே கிடக்குது. இப்பக் கேன் வாசல்லயே இருக்கட்டும்.”

திருமூர்த்தியின் கை ஸ்டீரிங் பக்கத்துக் கதவுக்குப் போனது. அங்கே குணசீலன் ஏறிக்கொண்டிருந்தான். மரகதம் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

“பின்னாடி சீட் கிடையாது” என்றான் திருமூர்த்தி.

இருந்தது. பூப்போட்ட உறை வேறு. அதில் பாதிக்கு மேல் முட்டை அட்டைகள்.

“ரெண்டு அட்டையை மடியில வெச்சுக்குங்க” என்றான் குணசீலன். “இடமில்லை.”

வண்டி இறக்கத்தில் இறங்கி ரோட்டுக்கு வந்தது.

“ரெண்டாவது கியர் போடு. எஞ்சின் திணறுது பார். காது இல்லையா உனக்கு?”

“இருக்குதுங்க. அதனாலதான் சைலன்சரை மாத்தினேன்.”

“வண்டி ஓட்டறியா, மாடு மேய்க்கறியா?”

“முட்டை ஓட்டறேனுங்க.”

மரகதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. தூரத்திலேயே அதைக் கண்டு திருமூர்த்தியின் உடம்பு விறைத்தது.

ஊரில் இருக்கிற எல்லா வேகத்தடைகளும் அவனுக்குத் தெரியும். வண்டியை இறக்கிக் கட்டியபின் ஒவ்வொன்றும் அவன் இடுப்பில் ஆணி அடித்தது. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார்: வண்டியா, முதுகா? அதனால்தான் கொடுத்தான். கேட்டவர்களிடம் வண்டி சலித்துவிட்டது என்றான்.

முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் மடியில் முட்டைகள். பல்லைக் கடித்துக்கொண்டான்.

வண்டி ஏறியது. இறங்கியது.

காத்திருந்தான். ஆணி வரவில்லை.

“நிறுத்து.”

குணசீலன் நிறுத்தினான்.

“பின்னால எடு. இன்னொரு தடவை ஏத்து.”

“ஏனுங்க, ஒண்ணும் உடையலையேன்னு கோபமா?”

“ஏத்துடா!”

வண்டி பின்னால் வந்து மறுபடியும் ஏறியது. இறங்கியது. அட்டைகள் லேசாக ஆடி நின்றன.

திருமூர்த்தியின் முகம் சிவந்துபோயிருந்தது. வீடு வரும்வரை யாரையும் அவன் திட்டவில்லை.

மேட்டில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டுக் குணசீலன் இறங்கினான். திருமூர்த்தியின் மடியிலிருந்த அட்டைகளை வாங்கிக்கொண்டான்.

“வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்.”

“முட்டைக்காரன் வீட்டு டீ எனக்கு வேண்டாம்.”

“உங்களுக்குங்கம்மா?”

“சர்க்கரை கம்மியா” என்றாள் மரகதம். திருமூர்த்தியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

திருமூர்த்தி வெளியே நின்றான். வாசலில் கேன் இருந்தது. உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம், குணசீலன் எதற்கோ சிரிக்கும் சத்தம்.

சரிவில் வண்டி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்து நின்றது.

“இழுத்துப் பிரேக் போடக்கூடத் துப்பில்லை” என்றான் யாரிடமோ.

சாக்கடையோரம் ஓர் உடைந்த செங்கல் கிடந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தான். பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, செருப்புக் காலால் ஓங்கி உதைத்து இறுக்கினான்.