சடைச்சியைக் கூப்பிட்டவர்

"வக்கீலம்மா, எனக்கு எப்போ சட்டம் சொல்லித் தரப் போறீங்க?"

மெஹருன்னிசா கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கதவுகிட்ட போய் நில்லுங்க தோழர்."

இடும்பனுக்குச் சுருக்கென்றது. குடிதண்ணீருக்காக ஊரையே திரட்டி நடுரோட்டில் உட்கார வைத்தவர் அவர். தடியடியில் உடைந்த இடது முழங்கை இன்றுவரை நேராக நீளாது. அப்பேர்ப்பட்டவர், ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் குழுவில் தொண்டராகச் சேர்ந்தால், கிடைத்த உத்தியோகம் இது.

சேர்ந்த முதல் நாள், தான் யாரென்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு அந்தம்மா கேட்டது ஒன்றுதான்.

"காது நல்லா கேக்குமா?"

வேலை லேசானது. டவாலி கோர்ட் வாசலுக்கு வந்து பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். அந்த ஆளைத் தேடிப் பிடித்து உள்ளே அனுப்ப வேண்டும். ஆள் வராவிட்டால், எதிராளி கேட்டதைக் கொடுத்து வழக்கை முடித்துவிடுவார்கள்.

"இன்னைக்கு சடைச்சி கேஸ். எனக்கு மாடியில வேற வழக்கு இருக்கு. அவங்களை உள்ளே விட்டுட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க. கூப்பிடுறதைத் தவற விட்டுட்டா வீடு போயிடும்."

சடைச்சி இட்லி சுட்டு விற்பவள். அவள் குடியிருந்த ஓட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு.

"ஆயுசு பூரா கோர்ட்டையே கேள்வி கேட்டவன் நான். இப்போ டவாலிக்கு எதிரொலியா இருக்கணுமா?"

"ஆமா."

மெஹருன்னிசா மாடியேறிப் போய்விட்டார்.

இடும்பன் கதவோரம் நின்றார். வராந்தா நிறைய ஜனம். அத்தனையும் வாய்தாவுக்கு வந்து வாடிய முகங்கள். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நாக்கு ஊறும்.

"தோழர்களே!" என்றார். "இந்தக் கதவு நமக்காக என்றைக்காவது திறந்தது உண்டா?"

"இல்லே!"

"நம்ம பெயரை மதித்து ஒருவன் கூப்பிட்டது உண்டா?"

"இல்லே! இல்லே!"

சடைச்சி முன்னால் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினாள். இடும்பனின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. டவாலி கூப்பிட்டார், கூப்பிட்டார், கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். கைதட்டல் அடங்கியபோது கதவு சாத்தியிருந்தது.

"அருமையா பேசுனீங்கண்ணே," என்றாள் சடைச்சி. "ஆமா, என்னை எப்போ கூப்பிடுவாங்க?"

மெஹருன்னிசா இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு எழுத ஆரம்பித்தார்.

இடும்பன் பக்கத்திலேயே நின்றார். திட்டு வாங்கத் தயாராக இருந்தார். பதிலும் தயாராக இருந்தது.

"என்னைத் திட்டுங்கம்மா."

"மனு எழுதணும். நேரமில்லே."

"நான் வேணா இதோட நின்னுக்கட்டுமா?"

"நில்லுங்க," என்றார். "கதவுகிட்ட."

அடுத்த வாய்தாவுக்கு மெஹருன்னிசா உள்ளேயே இருந்தார். ஆனால் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று சடைச்சியே கூண்டேறிச் சொன்னால்தான் மனு நிற்கும்; இல்லாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு.

இடும்பன் கதவோடு கதவாக ஒட்டி நின்றார். "ரெண்டு வார்த்தை பேசுங்க தோழர்," என்று யாரோ கேட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்.

சடைச்சி நெளிந்தாள்.

"அண்ணே, அவசரமா ஒதுங்கணும்."

நீதி வழங்கும் அந்த வளாகத்தில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கே இடும்பனிடம் ஒரு மணி நேரப் பேச்சு இருந்தது. விழுங்கினார்.

"ஓடிப் போயிட்டு ஓடி வா தாயி."

அவள் ரோட்டைத் தாண்டினாள். கதவு திறந்தது.

"சடைச்சி!"

டவாலிக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது. வந்த குரலையும் ஒரு பஸ் ஹாரன் தின்றுவிட்டது.

"சடைச்சி!"

இடும்பன் மூச்சை இழுத்தார். மைக் வாடகைக்கு வக்கில்லாத காலத்தில் வளர்த்த குரல் அது. வலது கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து விட்டார்.

"சடைச்சீ...!"

வராந்தாப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலிருந்து பழக்கதோஷத்தில் நாலைந்து குரல்கள் எழுந்தன.

"வாழ்க!"

உள்ளே நீதிபதியின் பேனா நின்றது.

"யாருய்யா அது, கோர்ட் வாசல்ல கோஷம் போடுறது? கூட்டிட்டு வா."

இடும்பன் போய் நின்றார். மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் நீங்க?"

எத்தனையோ காலமாக இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர். சிறைகள், மறியல்கள், முழங்கை. வாயைத் திறந்தார்.

வாசலில் சடைச்சி, ஈரக் காலோடு, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இவங்களைக் கூப்பிட்டவன் ஐயா," என்றார் இடும்பன்.